நாலாவது இந்திய டிவிஷன்: திரும்பத் திரும்ப என்னிடம் கேட்கப்படும் கேள்விகள்

வேலூர், ராணிப்பேட்டை பக்கம் பட்டாளத்துக் குடும்பங்கள் அதிகம். இரண்டாம் உலகப் போர் பற்றி நான் எங்கே பேசினாலும் கூட்டம் முடிந்ததும் நாலைந்து பேர் வந்து நிற்பார்கள். "எங்க தாத்தா கூட அந்த டிவிஷன்தான் சார்" என்று ஆரம்பிப்பார்கள். பாதிப் பேருக்கு அந்த டிவிஷன் எது என்று தெரியாது, மீதிப் பேர் பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தின் நாலாவது இந்திய டிவிஷனைப் பற்றிக் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான். அவற்றை அவர்கள் கேட்ட மாதிரியே இங்கே எழுதி, கீழே பதிலைத் தந்திருக்கிறேன். வரிசையாகப் படித்தால் நல்லது. பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை நம்பி நிற்கின்றன.

டிவிஷன், பிரிகேடு, பட்டாலியன்... இதெல்லாம் என்ன சார்? தலை சுத்துது.

கீழிருந்து எண்ணிக்கொண்டு வாருங்கள். ஒரு பட்டாலியன் என்றால் சுமார் 800 பேர். சிப்பாய்க்கு அதுதான் வீடு. சேர்ந்த நாள் முதல் பென்ஷன் வரை அதன் பெயரைத்தான் சொல்லுவார். மூன்று பட்டாலியன் சேர்ந்தால் ஒரு பிரிகேடு. மூன்று பிரிகேடுகளோடு பீரங்கி, சாப்பர்கள் (பாலம் கட்டுவது, கண்ணிவெடி எடுப்பது இவர்கள் வேலை), சிக்னல், ஆஸ்பத்திரி, லாரி எல்லாம் சேர்ந்தால் ஒரு டிவிஷன். மொத்தம் 15 ஆயிரம் பேருக்கு மேல் வரும்.

நாலாவது டிவிஷனின் மூன்று பிரிகேடுகள் 5, 7, 11. இந்த மூன்று எண்களையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த டிவிஷனின் கதையில் வரும் குழப்பத்தில் முக்கால்வாசி, "எந்த பிரிகேடு?" என்று கேட்காததால் வருவதுதான்.

இந்தியன் டிவிஷன்னு பேரு, ஆனா வெள்ளைக்கார சோல்ஜரும் இருந்தாங்களாமே?

இருந்தார்கள். ஒவ்வொரு பிரிகேடிலும் ஒரு பட்டாலியன் பிரிட்டிஷ், இரண்டு இந்திய அல்லது கூர்க்கா பட்டாலியன்கள். இதுதான் பொதுவான அமைப்பு. 1857-க்குப் பிறகு இந்தியர்களை மட்டும் தனியாக விட வெள்ளைக்காரனுக்கு மனம் வரவில்லை. அந்தப் பழைய பயத்திலிருந்து வந்த ஏற்பாடு இது.

அதனால் கேமரன் ஹைலேண்டர்ஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரர்களும், ராயல் சஸெக்ஸ், எஸெக்ஸ் என்ற இங்கிலாந்துக்காரர்களும் ராஜபுதன ரைபிள்ஸ், பஞ்சாப், சீக்கிய, மராட்டா, கூர்க்கா பட்டாலியன்களோடு ஒரே மலையில் கிடந்தார்கள். தோளில் எல்லோருக்கும் ஒரே அடையாளம், சிவப்புக் கழுகு. தளபதிகள் மட்டும் கடைசிவரை பிரிட்டிஷாரே.

இது எங்க, எப்ப ஆரம்பிச்சது? இந்தியாவிலயா?

எகிப்தில். போர் மூளும் முன்பே, 1939 ஆகஸ்டில் 11-ஆவது பிரிகேடு கப்பலேறி எகிப்து போய்ச் சேர்ந்தது. சில வாரங்களில் 5-ஆவது போனது. 7-ஆவது அதற்கும் பிறகுதான். அந்தப் போரில் இந்தியாவை விட்டு வெளியே போன டிவிஷன்களில் முதலாவது இதுதான்.

முதல் ஒரு வருஷம் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. மணலில் பயிற்சி, இரவில் நட்சத்திரம் பார்த்து நடப்பது, லாரியை மணலிலிருந்து தள்ளுவது. பின்னால் இதெல்லாம்தான் கை கொடுத்தது.

முதல் சண்டை எது?

1940 டிசம்பர் 9, நிபெய்வா. எகிப்துக்குள் 100 கிலோமீட்டர் வரை புகுந்திருந்த இத்தாலியப் படை, சிதி பர்ரானி என்ற கடற்கரை ஊரைச் சுற்றித் தனித்தனி முகாம்களாக உட்கார்ந்திருந்தது. ஒரு முகாமுக்கும் இன்னொன்றுக்கும் நடுவே பெரிய இடைவெளி. 11-ஆவது பிரிகேடு ராத்திரியே அந்த இடைவெளி வழியாக உள்ளே போய், விடியும்போது நிபெய்வா முகாமின் முதுகுப் பக்கம் நின்றது. முன்பக்கம் முழுக்கக் கண்ணிவெடி இருந்தது. பின்பக்கம் இத்தாலிய லாரிகளே வந்து போகும் வழி, அங்கே வெடி இல்லை.

முகாமில் காலைச் சாப்பாடு தயாராகிக்கொண்டிருந்த நேரம் அது. வெளியே வரிசையாக நின்ற இத்தாலிய டாங்கிகளின் எஞ்சின்கூடச் சூடாகவில்லை. மட்டில்டா என்ற கனமான பிரிட்டிஷ் டாங்கிகள் முன்னால் போக, கேமரன்களும் ராஜபுதன ரைபிள்ஸும் பின்னால் ஓடினார்கள். முகாமின் தளபதி மலெட்டி தன் கூடாரத்தருகே இயந்திரத் துப்பாக்கியோடு நின்று செத்தார். மறுநாளும் அதற்கடுத்த நாளும் சேர்ந்து சிதி பர்ரானி விழுந்தது. பிடிபட்டவர்கள் 38 ஆயிரம் பேர், அதாவது இரண்டு டிவிஷனுக்கும் மேல்.

ஜெயிச்சிட்டிருக்கும்போதே அவங்களை ஏன் சூடானுக்கு அனுப்பினாங்க? மடத்தனமா இல்ல?

களத்தில் நின்ற தளபதி ஓ'கானருக்கும் அப்படித்தான் தோன்றியது. அவருக்குக் கடைசி நிமிஷம் வரை யாரும் சொல்லவே இல்லை. பிடிபட்ட கைதிகளை எண்ணி முடிப்பதற்குள் டிவிஷனைக் கழற்றி எடுத்துவிட்டு, ஆஸ்திரேலியர்களைக் கொண்டுவந்தார்கள். அவர்கள் வந்து சேரும்வரை துரத்தல் தடுமாறியது.

ஆனால் மேலே, மத்தியக் கிழக்குப் படைகளுக்கெல்லாம் தலைமைத் தளபதியாக உட்கார்ந்திருந்த வேவலின் கணக்கு வேறு. சூயஸுக்குப் போகும் கப்பல்கள் செங்கடல் வழியாகத்தான் வர வேண்டும், அதன் கரையில் எரித்ரியாவில் இத்தாலியர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அமெரிக்கச் சட்டப்படி அமெரிக்கக் கப்பல்கள் போர்ப் பகுதிக்குள் நுழையக் கூடாது. செங்கடல் சுத்தமானால்தான் அமெரிக்கச் சரக்கு நேராக எகிப்துக்கு வரும். கையில் இருந்ததோ விரல்விட்டு எண்ணக்கூடிய டிவிஷன்கள், ஒன்றை இரண்டு இடத்துக்கு ஓட்ட வேண்டிய நிலை. 1941 ஏப்ரலில் எரித்ரியா விழுந்தது. விழுந்த சில நாட்களிலேயே அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் தன் நாட்டுக் கப்பல்களுக்குச் செங்கடலைத் திறந்துவிட்டார். என் கணக்கில் வேவல் செய்தது சரிதான்.

கெரன் கெரன்னு சொல்றீங்களே, அது எங்க இருக்கு? அங்க அப்படி என்ன நடந்துச்சு?

எரித்ரியாவில், மலைக்கு மேலே இருக்கும் ஊர். கீழே சமவெளியிலிருந்து தலைநகர் அஸ்மாராவுக்குப் போக வேண்டுமென்றால், டொங்கொலாஸ் என்ற ஒடுங்கிய பள்ளத்தாக்கு வழியாகத்தான் ரோடு. பக்கத்திலேயே ரயில்பாதை மலையை ஒட்டி வளைந்து ஏறும். பள்ளத்தாக்கின் இரு பக்கமும் 600 மீட்டருக்கு நிமிர்ந்து நிற்கும் மொட்டைப் பாறைகள். இத்தாலியர்கள் பாறைகளை வெடி வைத்துச் சரித்து ரோட்டை அடைத்துவிட்டு உச்சிகளில் உட்கார்ந்துகொண்டார்கள். ஒருத்தன் கையை வெளியே நீட்டினால்கூட மேலே தெரியும்.

1941 பிப்ரவரி 3-ஆம் தேதி டிவிஷன் அங்கே போய் முட்டியது. கேமரன்கள் ஒரு முகட்டைப் பிடித்தார்கள், அதற்கு அவர்கள் பேரையே வைத்தார்கள். அதற்கு மேலே சாஞ்சில், பிரிக்ஸ் பீக். பிடிப்பதும் இழப்பதுமாக ஆறு வாரம் போனது. வெயிலில் பாறை சுடும், தண்ணீர் கீழேதான் இருக்கும். தண்ணீர், தோட்டா, எறிகுண்டு எல்லாம் மனிதன் முதுகிலேயே ஏற வேண்டும். சண்டை போட வேண்டியவர்களிலேயே ஒரு பகுதியினர் சுமை தூக்கப் போய்விட்டார்கள். இதை எங்கள் மாமனாரிடம் சொன்னபோது (அவர் சாப்பர்ஸில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர்) அவர் கேட்ட ஒரே கேள்வி, "ஒரு ஆளுக்கு எத்தனை பாட்டில் தண்ணி?" என்பதுதான்.

பக்கத்தில் அக்வா கணவாயில் பிப்ரவரி 7-ஆம் தேதி, தன் கம்பெனித் தளபதி (பட்டாலியனின் ஒரு பகுதிதான் கம்பெனி) காயம்பட்ட பிறகு சுபேதார் ரிச்பால் ராம் பொறுப்பெடுத்து ஏறினார். தோட்டா தீரும்வரை ஆறு எதிர்த்தாக்குதலைத் தாங்கி, மிச்சமிருந்த சிலரோடு திரும்பினார். ஐந்து நாள் கழித்து அதே இடத்துக்கு மறுபடி ஏறினார். இந்த முறை அவர் திரும்பவில்லை. பிரிட்டிஷ் ராணுவத்தின் மிக உயர்ந்த வீரப்பதக்கம் விக்டோரியா கிராஸ். டிவிஷனுக்குக் கிடைத்த முதலாவது அவருடையது.

மார்ச் 15-ஆம் தேதி 5-ஆவது இந்திய டிவிஷனும் சேர்ந்துகொண்டது (5-ஆவது பிரிகேடோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள், இது தனி டிவிஷன்). நாலாவது இடது பக்க உச்சிகளில் மோதி நிற்க, அவர்கள் வலது பக்கம் டொலொகொரொடோக் கோட்டையைப் பிடித்தார்கள். சாப்பர்கள் பாறை அடைப்பை அகற்ற, மார்ச் 27 காலை டாங்கிகள் கெரனுக்குள் நுழைந்தன. இரண்டு டிவிஷனிலும் சேர்த்து 536 பேர் இறந்தார்கள், 3,229 பேர் காயம்பட்டார்கள். இத்தாலியர் தரப்பில் இறந்தவர்கள் சுமார் 3,000. இத்தாலியர்கள் சண்டை போடத் தெரியாதவர்கள் என்று சிரிப்பவர்களுக்கு நான் எப்போதும் கெரனைத்தான் காட்டுவேன்.

சிரியாவுல பிரெஞ்சுக்காரங்களோட சண்டையா? அவங்க நம்ம பக்கம் இல்லையா?

இரண்டு பக்கமும் இருந்தார்கள். பிரான்ஸ் 1940-இல் ஜெர்மனியிடம் விழுந்த பிறகு ஜெர்மனியோடு ஒத்துப்போன விஷி அரசாங்கம் ஒரு பக்கம், தொடர்ந்து ஜெர்மனியை எதிர்த்த டி கோலின் ஆட்கள் ஒரு பக்கம். சிரியா விஷி கையில் இருந்தது. 1941 ஜூனில் 5-ஆவது பிரிகேடு மட்டும் அங்கே போனது, கூடவே டி கோலின் படையும். டமாஸ்கஸுக்கு வெளியே மெஸ்ஸே கிராமத்தில் பஞ்சாபிகளும் ராஜபுதன ரைபிள்ஸும் ஒரு பெரிய வீட்டுக்குள் சிக்கிக்கொண்டு, தோட்டா தீரும்வரை டாங்கிகளைத் தாங்கினார்கள். அந்த டாங்கிகள் அங்கே மாட்டிக்கொண்டதால் மற்ற இடத்தில் வழி திறந்தது. ஜூன் 21-இல் டமாஸ்கஸ் விழுந்தது.

எங்க தாத்தா டோப்ருக்ல கைதி ஆனார். ஆனா நாலாவது டிவிஷன் அங்க இல்லவே இல்லன்னு படிச்சேன். எது சரி?

இரண்டும் சரி. முதல் பதிலில் சொன்னேனே, எந்த பிரிகேடு என்று கேளுங்கள். 1942-இல் டிவிஷன் மூன்றாகப் பிரிந்து கிடந்தது. 7-ஆவது பிரிகேடு சைப்ரஸில், 5-ஆவது பாலைவனத்தில் வேறு படைகளோடு, 11-ஆவது லிபியாவில் டோப்ருக் கோட்டைக்குள். டிவிஷன் என்ற முழு உருவம் அப்போது காகிதத்தில்தான் இருந்தது.

ஜூன் 20-ஆம் தேதி ஜெர்மன் தளபதி ரோம்மெல் டோப்ருக்கின் தென்கிழக்கு மூலையை உடைத்தார். அந்த மூலையில் நின்றது 11-ஆவது பிரிகேடின் மராட்டா பட்டாலியன். மறுநாள் கோட்டை சரணடைந்தது. சுமார் 33 ஆயிரம் பேர் பிடிபட்டார்கள், 11-ஆவது பிரிகேடு முழுவதுமாகப் போனது. கேமரன்களும் ஒரு கூர்க்கா பட்டாலியனும் சரண் என்ற செய்தியைக் கேட்டும் ஒரு நாள் கூடுதலாக இழுத்தடித்தார்கள். பின்னால் இத்தாலிக்குப் போன 11-ஆவது பிரிகேடு அதே எண்ணில் புது பட்டாலியன்களை வைத்துக் கட்டியது.

அந்த வருஷ ஆரம்பத்தில் பெங்காசியில் 7-ஆவது பிரிகேடுக்கும் இதே கதி வந்திருக்கும். ரோம்மெல் பின்னால் வந்து ரோட்டை அடைத்துவிட்டார். பிரிகேடியர் பிரிக்ஸ் கிழக்கே போகாமல் முதலில் தெற்கே, பாலைவனத்துக்குள், எதிரியின் நடுவிலேயே ஆட்களைக் கூட்டம் கூட்டமாக ஓட்டிவிட்டார். பெரும்பாலானோர் தப்பி வந்தார்கள்.

எல் அலமெய்ன்ல இவங்க என்ன பண்ணாங்க?

பெரிதாக ஒன்றுமில்லை. ருவெய்சாத் மேட்டில் நின்று எதிரியைப் பிடித்து வைத்தார்கள். கடைசியில், 1942 நவம்பர் 4 விடியற்காலையில், 5-ஆவது பிரிகேடு அடித்த அடியில் டாங்கிகள் வெளியே போக வழி கிடைத்தது. அப்புறம் அங்கே பிரிட்டிஷ் படைக்குத் தலைவராக இருந்த மான்ட்கோமரி டிவிஷனைப் பின்னால் விட்டுவிட்டுப் போனார். போர்க்களத்தில் சிதறிக் கிடந்ததைப் பொறுக்கிச் சேர்க்கும் வேலையை அவர்களுக்குக் கொடுத்தார்கள். கெரனில் ஏறியவர்களுக்குப் பழைய இரும்பு வேலை. டிவிஷனின் தளபதி டக்கருக்கு இது ஆறவே இல்லை.

துனிசியாவில் ஜெர்மன் ஜெனரலையே பிடிச்சது இவங்கதானா?

ஆமாம். ஆனால் அதைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது ஒரு மாதம் முன்னால் நடந்த வாடி அகாரித். கடலுக்கும் உப்பு ஏரிக்கும் நடுவே ஒரு குறுகிய வழி, அதன் மேல் ஃபத்னாசா என்ற கரடுமுரடான மலை. மேலிடத்தின் முதல் திட்டம் அந்த மலையைத் தொடாமல் பக்கத்தில் இடிப்பது. டக்கர் ஒப்புக்கொள்ளவில்லை. "மலையை முதலில் எடுக்க வேண்டும், அதையும் இருட்டில், பீரங்கிச் சத்தமில்லாமல் எடுக்க வேண்டும்" என்று வாதாடி, திட்டத்தையே மாற்ற வைத்தார்.

1943 ஏப்ரல் 5 ராத்திரி கூர்க்காக்கள் ஏறினார்கள். ஒரு குறுகிய பாறை இடுக்கு வழியாகத்தான் மேலே போக முடியும், அங்கே இயந்திரத் துப்பாக்கிக் குழிகள் இருந்தன. சுபேதார் லால்பகதூர் தாபா குக்ரியோடு (கூர்க்காக்களின் வளைந்த கத்தி) ஒவ்வொரு குழியாகக் குதித்து வழி திறந்தார். விடியும்போது மலை கையில் இருந்தது. இரண்டாவது விக்டோரியா கிராஸ் அவருக்கு. அடுத்த இரண்டு வாரத்தில் ஜெபல் கார்சியில் ராஜபுதன ரைபிள்ஸின் ஹவில்தார் மேஜர் சேலு ராம் இறந்துபோய் மூன்றாவதை வாங்கினார்.

மே 12-ஆம் தேதி ஆப்பிரிக்காவிலிருந்த ஜெர்மன், இத்தாலியப் படைகளின் தலைவர் வான் ஆர்னிம், சான்த் மரி து ஸித் என்ற ஊருக்கு அருகே இந்த டிவிஷனிடம் கைதியானார். டோப்ருக்கில் தாத்தாவைப் பறிகொடுத்த குடும்பத்துக்கு நான் சொல்லும் ஆறுதல் இதுதான்.

கஸ்ஸினோ மடாலயத்தைக் குண்டு போட்டு அழிச்சது இந்தியப் படைதான்னு ஒரு வெளிநாட்டுக்காரர் சொன்னார். உண்மையா?

குண்டு போட்டது அமெரிக்க விமானங்கள். கேட்டது இந்த டிவிஷனின் தளபதி. கேட்டவருடைய காரணத்தைச் சொல்லாமல் விட்டால் அது பாதி உண்மைதான்.

1944 பிப்ரவரி, இத்தாலி. ரோமுக்குப் போகும் பாதையைக் கஸ்ஸினோ மலை அடைத்து நிற்கிறது. உச்சியில் ஆறாம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் நிறுவிய மடம். அமெரிக்கர்கள் மோதித் தோற்ற இடத்தில் நாலாவது டிவிஷனைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். டக்கர் அந்த மலையை நேராக முட்டக் கூடாது, சுற்றிப் போக வேண்டும் என்றார். கேட்கவில்லை. "அப்படியானால் அந்தக் கட்டடத்தின் சுவர் எவ்வளவு கனம்?" என்றார். யாருக்கும் தெரியவில்லை. அவரே நேப்பிள்ஸில் பழைய புத்தகக் கடையில் 1879-ஆம் வருஷத்துப் புத்தகம் ஒன்றைத் தேடி எடுக்க வைத்தார். அடிச்சுவர் 10 அடி கனம் என்று அதில் இருந்தது. சாப்பர்கள் வெடி வைத்து உடைக்கிற சமாச்சாரமே இல்லை, பெரிய விமானக் குண்டுதான் என்று எழுதிக் கேட்டார். பிறகு உடம்பு முடியாமல் படுத்துவிட்டார். மேலே, டிவிஷன் எந்தத் தளபதியின் கீழ் இருந்ததோ அந்த நியூசிலாந்துக்காரர் ஃப்ரைபர்க் அதை ஆதரித்தார், அவருக்கு மேலே இருந்த அமெரிக்கத் தளபதி கிளார்க் எதிர்த்தார், எல்லோருக்கும் மேலே இருந்த பிரிட்டிஷ் தளபதி அலெக்ஸாண்டர் ஒப்புதல் கொடுத்தார்.

பிப்ரவரி 15 காலை 200-க்கும் மேற்பட்ட விமானங்கள் சுமார் 1,150 டன் குண்டு போட்டன. ஜெர்மானியர்கள் மடத்துக்குள் இல்லை. உள்ளே இருந்தது துறவிகளும் அடைக்கலம் வந்த ஊர்மக்களும். செத்தது அந்த மக்கள்தான். கொடுமை அதோடு நிற்கவில்லை. மடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் பாம்புத்தலை முகட்டில் கிடந்த டிவிஷனுக்கே குண்டு வரும் நேரம் சரியாகச் சொல்லப்படவில்லை. சில குண்டுகள் அவர்கள் மேலும் விழுந்தன. தாக்குவதற்கு அவர்கள் தயாராகவும் இல்லை. அன்று ராத்திரி போக முடிந்தது ராயல் சஸெக்ஸின் ஒரே ஒரு கம்பெனி, அதில் பாதிப் பேர் விழுந்தார்கள். இடிபாட்டுக்குள் ஜெர்மானியர்கள் சாவகாசமாகக் குடியேறினார்கள். முழு மடத்தைவிட இடிந்த மடம் நல்ல கோட்டையாக அமைந்தது.

17-ஆம் தேதி ராத்திரி கூர்க்காக்கள் மடத்தை நோக்கிப் போனபோது, வானத்திலிருந்து எடுத்த படத்தில் வெறும் புதராகத் தெரிந்த இடம், நெஞ்சளவு முள்ளும் அதற்குள் கண்ணிவெடியுமாக இருந்தது. டக்கர் கேட்டது, "முதலில் சுற்றிப் போ, இல்லையென்றால் நசுக்கு, நசுக்கினால் உடனே ஏறு." செய்தது நடுவில் இருந்ததை மட்டும். என்னைக் கேட்டால், கேட்டவர் மேல் பழி போடுவதற்கு முன்னால் இந்த மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

தூக்குமர மலைன்னு ஒண்ணு சொல்வாங்களே, அது இதே சண்டையா?

இதே இடம், அடுத்த மாதம். மடத்துக்கு நேர் கீழே ஒரு பாறைத் திட்டு. அதில் ரோப் கார் கம்பம் ஒன்று உடைந்து தூக்குமரம் மாதிரி நின்றது. மார்ச் 15 ராத்திரி 9-ஆவது கூர்க்கா ரைபிள்ஸின் முதல் பட்டாலியனில் ஒரு கம்பெனி இருட்டில் வழி தவறாமல் அங்கே போய் ஏறிவிட்டது. மற்றவர்கள் பின்னால் சேர்ந்தார்கள். அதற்குப் பிறகு மேலேயும் போக முடியவில்லை, கீழேயும் வர முடியவில்லை. தண்ணீரும் சோறும் விமானத்திலிருந்து பாராசூட்டில் வந்தன. பாதி சரிவில் உருண்டு ஜெர்மானியர்களுக்குப் போனது. இப்படி ஒன்பது நாள்.

24-ஆம் தேதி "இறங்கி வாருங்கள்" என்று ரேடியோவில் சொன்னால் எதிரி கேட்டுவிடுவான். மூன்று அதிகாரிகள் தனித்தனி வழியாக இருட்டில் ஏறி, வாயால் சொன்னார்கள். உத்தரவு போய்ச் சேர்ந்ததைத் தெரிவிக்க அவர்கள் கையில் புறாக்களைக் கொண்டுபோயிருந்தார்கள். இந்த பட்டாலியனின் பெயரை மறந்துவிடாதீர்கள், கீழே மறுபடி வருகிறது.

தமிழர்கள் யாராவது இருந்தாங்களா? எல்லாம் வடக்கத்திக்காரங்க பேராவே இருக்கே.

காலாட்படை பட்டாலியன்களில் தமிழர் அபூர்வம். "போர்க்குடி" என்று ஆங்கிலேயர் போட்ட பட்டியலிலிருந்து நம்மவர்களை எடுத்துவிட்டிருந்தார்கள். ஆனால் டிவிஷனின் சாப்பர்களில் 12-ஆவது பீல்டு கம்பெனியும் 11-ஆவது பீல்டு பார்க் கம்பெனியும் மெட்ராஸ் சாப்பர்ஸ். இன்றுவரை ராணுவத்தில் அவர்களுக்குச் செல்லப்பெயர் "தம்பி". கஸ்ஸினோவில் டாங்கி ஏறுவதற்கென்று மலையின் முதுகில் வலைகளால் மூடி மறைத்து ஒரு பாதை வெட்டினார்களே, கேவண்டிஷ் ரோடு, அதை டிவிஷனின் சாப்பர்களும் நியூசிலாந்துக்காரர்களும் சேர்ந்து வெட்டினார்கள்.

11-ஆவது பீல்டு பார்க் கம்பெனியில் சுபேதார் சுப்பிரமணியம் இருந்தார், அன்றைய செங்கல்பட்டு ஜில்லாக்காரர். 1944 பிப்ரவரி 24, கஸ்ஸினோவுக்குப் பின்னால் மிஞ்ஞானோ அருகே, அவர் குழு கண்ணிவெடி தேடிக்கொண்டிருந்தபோது ஒன்று மிதிபட்டது. அந்த வகை வெடி மிதித்ததும் வெடிக்காது. சில விநாடி கழித்து மேலே எழும்பி வெடிக்கும். சத்தத்திலேயே அது என்னவென்று சுபேதாருக்குத் தெரிந்துவிட்டது. ஓடித் தப்பிக்க அந்த விநாடிகள் போதாது, மேலே விழுவதற்குப் போதும். அவர் விழுந்தார், கூட இருந்தவர்கள் பிழைத்தார்கள். ஜார்ஜ் கிராஸ் கொடுத்தார்கள். எதிரியைச் சுடாமல் வாங்குகிற வீரப்பதக்கங்களில் அதற்கு மேல் ஒன்று கிடையாது. நம் ஊரில் இவர் பெயர் தெரிந்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

மொத்தம் எத்தனை விக்டோரியா கிராஸ்?

நான்கு. மூன்றை மேலே சொல்லிவிட்டேன். நாலாவது 1944 செப்டம்பரில் சான் மரினோவில் ரைபிள்மேன் ஷேர் பகதூர் தாபா, இறந்த பின். ஜார்ஜ் கிராஸ் மூன்று. போர் முழுவதும் டிவிஷன் பிடித்த கைதிகள் சுமார் ஒன்றரை லட்சம். இறந்தவர், காயம்பட்டவர், பிடிபட்டவர் எல்லாம் சேர்த்து அதன் சொந்த இழப்பு 25 ஆயிரம். டிவிஷனின் முழு ஆள்கணக்கைவிட அது அதிகம்.

கிரீஸ்ல உள்ளூர் ஆட்களையே சுட்டாங்கன்னு சொல்றாங்களே?

சண்டை நடந்தது. 1944 கடைசியில் ஜெர்மானியர் போன பிறகு டிவிஷனைக் கிரீஸுக்கு அனுப்பினார்கள். 7-ஆவது பிரிகேடு தெசலோனிகியில், 11-ஆவது பத்ராஸில், 5-ஆவது ஏதென்ஸின் துறைமுகமான பிரேயஸில். டிசம்பரில், அதுவரை ஜெர்மானியரை எதிர்த்துக்கொண்டிருந்த இடதுசாரி கெரில்லாக்களுக்கும் பிரிட்டிஷ் ஆதரவு அரசாங்கத்துக்கும் தெருச்சண்டை வெடித்தது. பிரேயஸில் 5-ஆவது பிரிகேடு வீடு வீடாகச் சண்டை போட்டது. 1945 பிப்ரவரியில் உடன்பாடு வந்தது. டிவிஷனைப் புகழ்கிற பழைய வரலாறுகள் இந்த அத்தியாயத்தை அவசரமாகத் தாண்டும். அடிமை நாட்டுச் சிப்பாயை இன்னொரு நாட்டு உள்நாட்டுச் சண்டையில் இறக்கியது அசிங்கமான வேலைதான்.

அப்ப வெள்ளைக்காரனுக்காகச் செத்தவங்கதானே? இதுல பெருமை என்ன இருக்கு?

இதை அதிகம் கேட்பது கல்லூரிப் பிள்ளைகள். சரியான கேள்வி. போரில் சேர இந்தியாவை யாரும் கேட்கவில்லை, வைஸ்ராய் அறிவித்தார், அவ்வளவுதான். சேர்ந்தவர்களில் பலர் சம்பளத்துக்கும் நிலத்துக்கும் குடும்ப வழக்கத்துக்கும் சேர்ந்தவர்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அவர்கள் எதிர்த்து நின்றது முசோலினியையும் ஹிட்லரையும் என்பதையும் மறக்கக் கூடாது. பெருமைப்படுவதா வேண்டாமா என்பது அவரவர் பாடு. தெரிந்துகொண்டு முடிவெடுங்கள் என்று மட்டும்தான் நான் சொல்லுவேன்.

1947-ல பிரிவினைல இந்த டிவிஷன் யாருக்குப் போச்சு?

எண்ணும் கழுகும் இந்தியாவுக்கு. பட்டாலியன்கள் மூன்று திசைக்கு. மெஸ்ஸேயில் சிக்கிய பஞ்சாப் பட்டாலியன் பாகிஸ்தானுக்குப் போனது. ஃபத்னாசாவில் ஏறிய 2-ஆவது கூர்க்கா ரைபிள்ஸ் பிரிட்டனுக்கு. ராஜபுதன ரைபிள்ஸும் 9-ஆவது கூர்க்காவும் இந்தியாவில் தங்கின. அந்த ஆகஸ்டில் பஞ்சாபில் கலவரத்தை அடக்க அமைத்த எல்லைப் படையும் இந்த டிவிஷனைச் சுற்றிக் கட்டியதுதான். எரியும் மாகாணத்துக்கு அது போதவே போதாது, சில வாரங்களில் கலைத்துவிட்டார்கள்.

1962-ல சீனாகிட்ட தோத்ததும் இதே டிவிஷனா? நம்ப முடியலையே.

இதேதான். அதுவும் அதே 7-ஆவது பிரிகேடு. அம்பாலாவில் சமவெளிச் சண்டைக்குப் பழகிய டிவிஷன் அது. ஐம்பதுகளில் அங்கே சிப்பாய்களைக் கொண்டே குடியிருப்பு கட்ட வைத்தார்கள். அதை 1959-இல் வடகிழக்கு எல்லைக்கு ஏற்றினார்கள். 1962 அக்டோபர் 20 காலை, நம்கா சூ ஆற்றங்கரையில், கோடைக்கால உடுப்போடு, போதுமான தோட்டாவும் பீரங்கியும் இல்லாமல் நின்ற 7-ஆவது பிரிகேடு சில மணி நேரத்தில் நொறுங்கியது. பிரிகேடியர் தால்வி கைதியானார். தூக்குமர மலையில் ஒன்பது நாள் தாக்குப் பிடித்த அதே 9-ஆவது கூர்க்காவின் முதல் பட்டாலியனும் அந்த ஆற்றங்கரையில்தான் நின்றது. ஆள் மாறினார்கள், வீரம் மாறியதாக நான் நினைக்கவில்லை. கஸ்ஸினோவில் கண் தெரியாமல் ஏற்றியவர்களும் இங்கே வரைபடத்தைப் பார்த்து நிறுத்தியவர்களும் தூரத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

மூன்றே வருஷம். 1965 செப்டம்பரில் அதே டிவிஷன் பஞ்சாபில் அசல் உத்தர் கிராமத்தருகே, கரும்புக் கொல்லைக்குள் டாங்கிகளையும் பீரங்கிகளையும் ஒளித்து, வாய்க்காலை வெட்டி நிலத்தைச் சேறாக்கிவிட்டுக் காத்திருந்தது. பாகிஸ்தானின் 'பாட்டன்' வகை டாங்கிகள் வந்து சேற்றில் சிக்கின. தொண்ணூறுக்கும் மேல் அழிந்தன அல்லது கைப்பற்றப்பட்டன. ஜீப்பில் பொருத்திய பீரங்கியோடு டாங்கிகளை ஒவ்வொன்றாக அடித்து இறந்த அப்துல் ஹமீத், கிரெனேடியர்ஸ் 4-ஆவது பட்டாலியன். அந்த பட்டாலியனும் 1962-இல் 7-ஆவது பிரிகேடில் இருந்ததுதான்.

எங்க தாத்தா இந்த டிவிஷன்ல இருந்தாரான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? பெட்டில ஒரு மெடல் மட்டும்தான் இருக்கு.

முதலில் ரிப்பனைப் பாருங்கள். வெளிர் மணல் நிறத்தில் நடுவே சிவப்புக் கோடும் பக்கத்தில் கருநீலம், இளநீலக் கோடுகளும் இருந்தால் ஆப்பிரிக்கா ஸ்டார். எரித்ரியாவுக்கும் சிரியாவுக்கும் அதையேதான் கொடுத்தார்கள். பச்சை, வெள்ளை, சிவப்பு என்றால் இத்தாலி ஸ்டார். இரண்டும் இருந்தால் வாய்ப்பு அதிகம், ஆனால் உறுதி இல்லை. 8-ஆவது, 10-ஆவது இந்திய டிவிஷன்களும் இத்தாலியில் இருந்தன. கருநீலம், சிவப்பு, ஆரஞ்சு என்றால் பர்மா. அவர் இந்த டிவிஷனில் இருந்திருக்க வாய்ப்பு குறைவு.

அப்புறம் டிஸ்சார்ஜ் புத்தகத்தைத் தேடுங்கள். அதில் டிவிஷன் பெயர் இருக்காது, பட்டாலியன் அல்லது கம்பெனி எண் இருக்கும். அதுதான் வேண்டும். பென்ஷன் வாங்கிய ஜில்லா முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் அவருடைய நம்பரைச் சொல்லிக் கேட்கலாம். சாப்பர் என்றால் பெங்களூரில் ரெக்கார்டு ஆபீஸ். இறந்திருந்தால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பட்டியலில் பெயரைத் தேடுங்கள். இந்துக்களுக்கும் சீக்கியர்களுக்கும் கல்லறை தேடாதீர்கள். அவர்களைத் தகனம் செய்தார்கள். கெரனிலும் இத்தாலியில் சாங்ரோ ஆற்றங்கரையிலும் தகன நினைவிடத்தில் பெயர் மட்டும் வெட்டியிருப்பார்கள். எழுத்துக்கூட்டலை நாலைந்து விதமாகப் போட்டுப் பாருங்கள். எழுதியவர்களுக்குத் தமிழ்ப் பெயர் தெரியாது. அப்பா பெயரும் ஊர்ப் பெயரும் பெரும்பாலும் கூடவே இருக்கும், அதை வைத்துத்தான் பிடிக்க முடியும்.